கடைசிக் குழாயில் கூவிய சேவல்

தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் பலா மரமெல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்ததே, அதற்கு அடுத்த சித்திரையில்தான் செம்பருத்தி நகரில் முதல் வீட்டுக்கு நிலை வைத்தார்கள். அந்த நிலையே புயலில் விழுந்த பலா மரத்தில் செய்ததுதான் என்று தச்சர் சொன்னார். உண்மையோ பொய்யோ, நெய் தடவின மாதிரி மஞ்சளாக நின்றது. எனக்கு வருஷக் கணக்கு மனசில் நிற்காது. மரம் விழுந்தது, மழை பெய்தது, யார் வீட்டில் கல்யாணம் என்றுதான் நிற்கும்.

போன வாரம் நம்ம தண்ணீர் ஆபீசில் உங்களையெல்லாம் பார்க்கக் கடலூர் வந்திருந்தேன். கம்மாபுரத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருக்கிற தம்பி, செல்போனில் ஒரு படம் காட்டினார். ஊரே கோடு கோடாக இருந்தது. தண்ணீர் போய்ச் சேர்ந்த தெருவில் பச்சைப் புள்ளி வருமாம்.

"நல்லா இருக்கு தம்பி. அந்தப் புள்ளிய யாரு வைக்கிறது?" என்று கேட்டேன்.

"அதுவா வரும் ஐயா" என்றார்.

சிரித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் கண் சொக்கியது. வெளியே வயலுக்கு நடுவில் வெள்ளையடித்த கல்லும் கலர்க் கொடியும் நட்டிருந்த மனைகள் ஓடிக்கொண்டிருந்தன. வீடே இல்லாத தெருவில் விளக்குக் கம்பம் நிற்கிறது, குறுக்கே ஒரு மாடு நடக்கிறது. அரைத் தூக்கத்தில் எல்லாவற்றின் மேலும் அந்தப் பச்சைப் புள்ளி ஒட்டிக்கொண்டே வந்தது. சிதம்பரத்தில் இறங்கின பிறகுதான், பாதிப் பேச்சில் வந்துவிட்டோமே என்று உறைத்தது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் இந்தக் கடிதத்தை எழுதுகிறாள். என் பேச்சுக்குக் கொஞ்சம் இஸ்திரி போட்டுத்தான் எழுதுவாள், அதைக் கண்டுகொள்ளாதீர்கள்.

நான் தெருக்குழாய்த் தண்ணீருக்கு வால்வு திறந்த ஆள். உங்களுக்கு அந்த வேலையைச் சொல்லித் தரத் தேவையில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். சிதம்பரத்தில் தேர் வீதிப் பக்கம் குழாய்க்குப் பள்ளம் தோண்டுகிற கூலியாகத்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். அங்கே ஒரு மேஸ்திரி. பேச மாட்டார். வால்வு சாவியை, ஆள் உயரத்துக்கு இருக்குமே அந்த இரும்பை, வால்வு மேல் நிறுத்தி, மறுமுனையில் காதை வைத்துக்கொண்டு நிற்பார். தண்ணீர் வருகிறதா, காற்று வருகிறதா, எங்கேயாவது ஒழுகுகிறதா, எல்லாம் அதில் கேட்கும். நானும் பார்த்துப் பார்த்துப் பழகினேன். பக்கத்து அறையில் யாரோ வாயை மூடிக்கொண்டு பாடுகிற மாதிரி இருக்கும் அந்தச் சத்தம். பள்ளிக்கூடம் போகாதவனுக்கு அதுதான் படிப்பு. இன்றைக்கும் தூக்கத்தில் அது கேட்கிறது. கட்டிலுக்கு அடியில் ஒரு குழாய் ஓடுகிறது என்றே நினைத்துக்கொள்வேன்.

செம்பருத்தி நகர் வருவதற்கு முன்னாலேயே அங்கே ஒரு காலனி இருந்தது. காலனியில் கடைசித் தெரு என்று ஒன்று, ஒருவர் எதிரே வந்தால் இன்னொருவர் ஒதுங்க வேண்டிய சந்து. அங்கே அடிபம்பில் வந்தது உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர்க் கிணறு பைபாஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம். ரோடு சின்னதாக இருந்த காலத்தில் அது ஒரு தூரமே இல்லை. நாலு வழி ஆனதும் அது ஆறு மாதிரி ஆகிவிட்டது. குடத்தோடு கடக்கப் போய் ரெண்டு பேர் வீடு திரும்பவில்லை. அதில் ஒருத்தி பிலோமினாவின் நாத்தனார்.

பிலோமினா கடைசித் தெருவில் கடைசி வீடு. என்னை அண்ணே என்றுதான் கூப்பிடும். அதன் மகள் ஸ்டெல்லா படித்து, செம்மண்டலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சரானது. அந்தத் தெருவில் முதல் டீச்சர்.

நகர் வந்த பிறகுதான் கடைசித் தெருவுக்குக் குழாய் வந்தது. ஆனால் எப்படி வந்தது என்று கவனியுங்கள். டேங்கிலிருந்து நகருக்குப் புதுசாக, தடியாக ஒரு குழாய் போட்டார்கள். அது நகரையெல்லாம் சுற்றிவிட்டு, மிச்சத்துக்கு ஒரு ஒல்லிக் குழாய் திரும்பி வந்து காலனிக்குள் நுழைந்தது. ரோட்டில் நடந்தால் டேங்க்குக்குக் காலனிதான் கிட்டே, நகர் தூரம். குழாய்க்குள் நடந்தால் நகர் கிட்டே, காலனி தூரம். வெளியே தெரிகிற ஊர் ஒன்று, மண்ணுக்குள் இருக்கிற ஊர் வேறொன்று.

ஒரு நாள் விட்டு ஒரு நாள், பகல் பதினோரு மணிக்குத் திறப்பேன். நகரில் வீட்டுக்கு வீடு தரைத் தொட்டி, மோட்டார். அவர்கள் எல்லாம் நிரப்பி முடித்து, கடைசித் தெருவுக்குத் தண்ணீர் எட்டும்போது பன்னிரண்டரை ஆகும். அதற்கப்புறம் அரை மணி விட்டு மூட வேண்டும். ஆரம்பத்தில் சைக்கிளை மிதித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். முட்டி வலி வந்ததும் ஸ்டெல்லாதான் வழி சொன்னது.

"நீங்க ஏன் மாமா அலையுறீங்க? தண்ணி வந்ததும் நான் ஒரு மிஸ்டு கால் குடுக்குறேன். ஸ்கூல் இருந்தா போன வூட்ல வச்சிட்டுப் பையன அடிக்கச் சொல்றேன்."

மருமகள் அந்த நம்பருக்கு மட்டும் சேவல் கூவுகிற சத்தம் வைத்துக் கொடுத்தாள். எனக்குத்தான் எழுத்து தெரியாதே, சேவல் கூவினால் கடைசிக் குழாய். ஒரு தடவை கூவும், நின்றுவிடும். நான் எடுக்கக் கூடாது, திருப்பிக் கூப்பிடக் கூடாது, அதுதான் ஏற்பாடு. பைபாஸ் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது சட்டைப் பையில் சேவல் கூவும். டீ மாஸ்டர், "மச்சான், உனக்கு மட்டும் மத்தியானத்துல பொழுது விடியுது பாரு" என்பான். கடையே சிரிக்கும். சைக்கிள் போய் மொபெட் வந்தது, என் முட்டிக்கும் ஓய்வு வந்தது. கடைசித் தெரு பக்கம் போவதையே விட்டுவிட்டேன். தண்ணீர் விட்ட நாளெல்லாம் ஆபீசில் கேட்பார்கள், "கடைசி வரைக்கும் போச்சா?" என்று. "போச்சு சார்" என்பேன். எழுதிக்கொள்வார்கள்.

அப்புறம் அந்தப் பெருமழை. கெடிலமும் பெண்ணையாறும் ஒரே நேரத்தில் ஊருக்குள் வந்தது உங்களில் பாதிப் பேருக்கு நினைவிருக்கும். கடைசித் தெருவில் மார்பளவுக்குத் தண்ணீர். குடிக்க ஒரு சொட்டு இல்லை, சுற்றிலும் தண்ணீர்.

பொங்கல் கழிந்தது. பழுது பார்த்துத் திரும்பத் தண்ணீர் விட்டதும் சேவல் சீக்கிரமே கூவ ஆரம்பித்தது. பதினொன்று இருபதுக்கே கூவியது. எனக்கு ஒரே சந்தோஷம். மழைக்கப்புறம் குழாயெல்லாம் சரி பண்ணினார்களே, அதனால் ஓட்டம் நன்றாகிவிட்டது என்று நினைத்தேன். டீ மாஸ்டரிடம், "என் லைனப் பாத்தியா, குதிர மாதிரி ஓடுது" என்று பீற்றிக்கொண்டேன். அரை மணி விட்டு, பன்னிரண்டுக்குள் மூடிவிட்டு நிழலில் சாய்ந்துகொள்வேன். இங்கேதான் தம்பிகளா, நான் தப்பு செய்தேன். கெட்ட செய்தி வந்தால் யாரும் எழுந்து போய்ப் பார்ப்பார்கள். நல்ல செய்தி முன்னாலேயே வந்தபோது எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

மாசி மகத்துக்கு நாலைந்து நாள் இருக்கும். அன்றைக்கும் பதினொன்று இருபதுக்குச் சேவல் கூவியது. டீயை வாங்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நிற்கிறேன். நாலு வழி ரோட்டுக்கு நடுவில், அரளிச் செடிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிறது. வெயில் அலை அலையாக எழும்பி உருவமே நெளிகிறது. லாரி ஒன்று போகும்போது மறைந்து, மறுபடியும் தெரிகிறது. இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். கனவில் தெரிகிற மாதிரிதான் இருந்தது. பக்கத்தில் வந்த பிறகுதான் பிலோமினா என்று தெரிந்தது.

"என்னாமா இது, இந்த ரோட்டுல?"

"தண்ணிக்கு வந்தேன்ணே. வேற எதுக்கு வருவாங்க?"

"தெருவுலதான் வருதே!"

அது குடத்தை இறக்கி வைத்தது. என்னை மேலும் கீழும் பார்த்தது.

"எந்தத் தெருவுல? பொங்கலுக்கப்புறம் ஒரு சொட்டு வந்துச்சா? ஆபீசுல போயி மனு குடுத்தோம். கடைசி வரைக்கும் போவுதுன்னு எழுதியிருக்குதேன்னு நோட்டப் பிரிச்சுக் காட்டுறாங்க. யாரு சொன்னதுன்னு கேட்டா, ஒங்க பேரச் சொல்றாங்க."

டீ கிளாசைப் பெஞ்சு மேல் வைத்தேன்.

"நீங்கதான் மூடிட்டீங்கன்னு தெருவுல பேசிக்கிட்டாங்க. நான்தான் அண்ணன் அப்படிச் செய்யமாட்டாருன்னு சொன்னேன். சொல்லிட்டு நானும் கொடத்த எடுத்துக்கிட்டேன்."

"ஸ்டெல்லா என்னா சொல்லுது?"

"அதுக்குத் தெரியாது. சொல்லிடாதீங்க. மழையில வூட்டுக்குள்ள தண்ணி பூந்ததும் புள்ளைய அழைச்சிக்கிட்டு நகருக்கு வாடகைக்குப் போயிடுச்சு. மாடி வூடு. தெரிஞ்சா கொடம் தூக்க இங்க வந்து நிக்கும். டீச்சரு இந்த ரோட்டத் தாண்டலாமா? எங்க நாத்தனா போனது போதும்."

டீ ஆறிப் போனது. நான் செல்போனை எடுத்தேன். முதல் தடவையாக அந்த நம்பருக்குத் திருப்பிக் கூப்பிட்டேன். பின்னால் மேளச் சத்தம் கேட்டது.

"மாமா! என்னா அதிசயம், நீங்களே கூப்புடுறீங்க?"

"எங்கம்மா இருக்க?"

"செகரட்டரி சார் வூட்டுப் பேத்திக்குக் காதுகுத்து மாமா. ஸ்கூலுக்கு லீவு போட்டேன். நீங்களும் சாப்புட வாங்க."

"தண்ணி வந்துச்சுன்னு அடிச்சியே, எங்கேருந்து அடிச்ச?"

"வூட்லேருந்துதான்."

"எந்த வூட்லேருந்து?"

மேளச் சத்தத்தை விட்டு அது தள்ளி வந்தது.

"நகர் வூடு. ஏன் மாமா? நம்ம தெருவத் தாண்டித்தானே நகரு? இங்க வந்தா அங்க வந்துட்டுதானே வரணும்?"

அது மேல் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? ரோட்டில் நடக்கிற யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். வீடு மாறியது, நம்பர் மாறவில்லை. கொடுத்த வாக்கை மறக்காமல் தண்ணீர் வந்த நாளெல்லாம் மணி அடித்திருக்கிறது பிள்ளை. சேவல் ஒழுங்காகத்தான் கூவியது, கூவின கூரைதான் வேறு. பன்னிரண்டரைக்குக் காலனிக்கு எட்ட வேண்டிய தண்ணீரை நான் பன்னிரண்டுக்குள்ளேயே மூடியிருக்கிறேன்.

நகர் முனை வால்வுக் குழிக்குப் போனேன். நகர் வீடுகளுக்குப் போகிற குழாயும் காலனிக்குத் திரும்புகிற ஒல்லிக் குழாயும் அங்கேதான் பிரியும், ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு. மூடியைத் தூக்கி, சாவியை நிறுத்திக் காதை வைத்தேன். நகர் பக்கம் மோட்டார்கள் உறிஞ்சுகிற இரைச்சல். காலனிப் பக்கம் அமைதி. நகர் வால்வைச் சுற்ற ஆரம்பித்தேன். நாலு சுற்று போவதற்குள் செகரட்டரி சார் வந்துவிட்டார். நகர் சங்கத்துச் செயலாளர், பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனுஷர் இல்லை. பட்டு வேட்டி, தோளில் துண்டு, நெற்றியில் சந்தனம்.

"என்னாயா பண்ற? இன்னும் நேரம் ஆவலியே! எரநூறு பேரு சாப்புட வந்துக்கிட்டிருக்காங்க!"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா மூடுற? மாடித் தொட்டி பாதி கூட ரொம்பல. எல தொடைக்கக்கூட தண்ணி இல்லன்னு ஆயிடும். எம்மானம் போயிடும்யா!"

டேங்கில் மிச்சம் இருந்தது ஒரு மணி நேரத் தண்ணீர். நகரைத் திறந்து வைத்தால் காலனிக்கு எட்டாது. நகரை மூடினால் விருந்து கெடும். மூடாவிட்டால் பிலோமினா திரும்பவும் ரோட்டைக் கடக்கும், குழாய் வராத நாளெல்லாம் கடக்கும். செகரட்டரி சார் சொன்னது எதுவும் பொய் இல்லை. எனக்கு ஓய்வு பெற இன்னும் ரெண்டே வருஷம் பாக்கி. கை சாவி மேலேயே இருந்தது. அந்த நேரத்தில் பெரிய நியாயம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. கண் முன்னால் நகரின் முப்பது அடி ரோடு தெரிந்தது, அவ்வளவுதான்.

"சார், இந்த ரோட்டுல தண்ணி லாரி வருமா?"

"வராம என்னா? ரெண்டு லாரி எதிரெதிரே போவும்."

"கடைசித் தெருவுக்குள்ள என் மொபெட்டே போவாது சார். லாரி போவாத எடத்துக்குக் கொழாயிலதான் தண்ணி போவணும். ஒங்களுக்கு லாரி வரும்."

"நான் ஆபீசுக்குப் போன் போடட்டுமா?"

"போடுங்க சார். அப்படியே லாரியும் சேத்துக் கேளுங்க."

அதற்குள் ஸ்டெல்லா வந்துவிட்டது. பட்டுப் புடவை, தலை நிறையக் கனகாம்பரம், கையில் செருப்பு. ஓடி வந்திருக்கிறது.

"மாமா, எத்தன நாளா?"

"பொங்கல்லேருந்து."

"அம்மா ஞாயித்துக்கெழம கோயில்ல பாக்கும்போதுகூட ஒண்ணும் சொல்லலியே... கையப் புடிச்சிப் பாத்தேன், காச்சுப் போயிருந்துச்சு. துணி தொவச்சேன்னுச்சு."

பிறகு செகரட்டரி சாரைப் பார்த்து, "சார், எங்க அம்மா அந்த பைபாஸத் தாண்டிப் போயி தண்ணி தூக்குது சார்" என்றது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு செல்போனை எடுத்து, "லாரி ஒண்ணு அவசரமா வேணும், யாரக் கேக்கணும்?" என்று யாரிடமோ பேசிக்கொண்டே போய்விட்டார். விருந்து கொஞ்சம் தாமதமாகத்தான் நடந்தது. பிற்பாடு என்னைக் கண்டால் ஒரு மாதம் பேசவில்லை. அப்புறம் பேசினார்.

ஸ்டெல்லா காலனிக்கு நடந்தது. நான் நகர் வால்வை முழுசாகச் சுற்றி மூடினேன். குழி ஓரத்தில் உட்கார்ந்து சாவியில் காதை வைத்தேன். முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு காற்று. நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் யாரோ பெருமூச்சு விடுகிற மாதிரி காற்று. மண்ணுக்குள் அது எந்த வளைவில் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே பார்த்தேன். நகரின் புது வீடுகளுக்கு அடியில் போகிறது, முன்னால் நெல்லுக்குப் பாய்ந்த வாய்க்காலைத் தாண்டுகிறது, காலி மனைகளின் கல்லுக்கு அடியில் குனிந்து போகிறது. வெயில். மேளம் தூரத்தில் கரைகிறது. எனக்குக் கண் செருகிவிட்டது.

சேவல் கூவியது. திடுக்கிட்டுப் பையைத் தொட்டால் போன் சும்மா இருக்கிறது. எதிரே காலி மனையில், கருவேலம் புதருக்குப் பக்கத்தில் நிஜமான சேவல் ஒன்று என்னைப் பார்த்துக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. பந்தலிலிருந்து, என் சேவல் கதை தெரிந்த ஒரு சமையல்காரர், "கூவிடுச்சு மாமா, தெறங்க!" என்று கத்தினார். பந்தலே சிரித்தது, அந்தச் சிரிப்பும் அடங்கியது. டேங்கில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. எட்டாமல் போய்விடுமோ என்று மறுபடி சாவியில் காதை வைத்தேன்.

பிறகுதான் பைக்குள் கூவியது. ஒரு தடவை கூவி நிற்க வேண்டியது, நிற்கவில்லை. விடாமல் கூவியது. ஏற்பாட்டை மீறி எடுத்துவிட்டேன்.

"ஸ்டெல்லா?"

பேச்சு இல்லை. செல்போனை என்ன செய்வதென்று தெரியாத யாரோ அதைக் குழாயடியில் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். காலிக் குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம். முதலில் தடதடவென்று, பிறகு கனமாக, பிறகு குடம் நிறைய நிறைய அந்தச் சத்தம் மெல்ல மேலே ஏறியது. குடம் மாற்றினார்கள். மறுபடி அடியிலிருந்து ஏறியது. எத்தனை குடம் என்று நான் எண்ணவில்லை. கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் பிலோமினாவின் குரல், பக்கத்தில் இருக்கிற மகளிடம்: "இத எப்படிடி நிறுத்துறது?"

மறுநாள் ஆபீஸ் போனேன். பொங்கலிலிருந்து நான் சொன்னது எதையும் நான் கண்ணால் பார்க்கவில்லை, அதையெல்லாம் தப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். திட்டினார்கள், மெமோ கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். காலனி மனுவைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். கடைசித் தெருவுக்கு முதலில் விட்டு, பிறகு நகருக்கு விடுவது என்று முறை மாறியது. ஓய்வு பெறுகிற நாள் வரை மிஸ்டு கால் பிலோமினாவிடமிருந்துதான் வந்தது. நிறுத்தக் கடைசி வரை அது கற்றுக்கொள்ளவே இல்லை. நானும் சொல்லித் தரவில்லை.

கம்மாபுரத்துத் தம்பி, உங்கள் பச்சைப் புள்ளி என் சேவலை விடக் கெட்டிக்காரத்தனமாக இருக்கலாம். இருந்தாலும் மண்ணுக்குள் ஒரு இடத்தில் ஏதோ ஒன்று அதைத் தட்டிவிடுகிறது. அது இன்னமும் கடைசிக் குழாயில்தான் இருக்கிறதா என்று மாதம் ஒரு தரமாவது நடந்து போய்ப் பாருங்கள். புள்ளி சீக்கிரமே வந்த நாளில் கட்டாயம் போங்கள். பிலோமினாவின் நம்பர் இப்போது உங்களிடம் இருக்கிறது. வேலையை அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது சாவியோடு சேர்த்து அதையும் கொடுங்கள். கொடுப்பதற்கு முன், அந்த அம்மா இன்றைக்கு எந்த வீட்டில் இருக்கிறது என்று கேட்டுச் சொல்லுங்கள். உங்களிடம் வாங்குகிறவரையும், அடுத்தவருக்குக் கொடுக்கும்போது அப்படியே கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.